தலைக்கட்டுக்கு ஒரு விரல்

நான் சொன்ன ஜோக்குகளுக்கு ஒருமுறைகூடச் சிரிக்காதவர்கள் எங்கள் குப்பத்தில் இரண்டே பேர். ஒருத்தி என் மனைவி. அவளுக்கு எல்லா ஜோக்கும் முன்பே தெரியும். இன்னொருவர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். இப்போது மாற்றலாகி எங்கோ போய்விட்டார். புதிதாக வந்திருக்கும் பெண் நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிடுகிறது. அந்தச் சிரிப்பில் எனக்கு நம்பிக்கையில்லை.

பழவேற்காடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பரம்பரை பரம்பரையாக மீன் பிடித்த வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் படகில் கால் வைத்தால் எனக்குக் குமட்டும். கடலில்கூட இல்லை, ஏரியில். முழங்கால் தண்ணீரில் வாந்தி எடுத்த முதல் மீனவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. “காயிதத்துக்குக் காயிதம் எடுக்கறதுதான் இவனுக்கு லாயக்கு” என்று என் நைனாவே சொல்லி, கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தார்.

கடைக்குப் போகிற வழியில்தான் சுகாதார நிலையம். அனுப்பம்பட்டுப் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வந்து, காலை எட்டரைக்கெல்லாம் வாசல் வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சிஸ்டர் உட்கார்ந்திருப்பார். ஐம்பதை நெருங்கிய வயது. கையில் ஆம்பளை வாட்ச், பெரிய டயல், ஓயாமல் ஓடும் நொடிமுள். நான் நின்று ஒரு ஜோக் சொல்வேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “சொல்லு” என்பார். சொல்லி முடிக்கிற வரைக்கும் பார்வை என் நெஞ்சைவிட்டு நகராது.

முதலில் சட்டைப் பொத்தான் போடவில்லையோ என்று பார்த்தேன். போட்டிருந்தேன். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். அதற்கடுத்த வாரம் புதுச் சட்டை எடுத்தேன். “ஜெராக்ஸ் கடைக்கு இன்னாத்துக்கு இத்தினி அலங்காரம்?” என்று வீட்டில் கேட்டாள். ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் மூச்சுவிடாமல் நீளமான ஜோக் ஒன்றைச் சொல்லி முடித்தேன். என்னைப் பொறுத்தவரை மூச்சுவிடாமல். சிஸ்டர் கையை விட்டுவிட்டு, “பதினெட்டு” என்றார்.

“இன்னா சிஸ்டர் பதினெட்டு?”

“மூச்சு. சும்மா நிக்கும்போது பதினாறு. கத வுடும்போது ரெண்டு ஏறுது. பரவால்ல, போ.”

ஆக, அந்த ஒரு வருஷமும் கேட்கப்பட்டது என் ஜோக் இல்லை.

அவர் எல்லோரையும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுகிறேன் என்று சொல்லமாட்டார். சொன்னால் ஆள் மூச்சை அடக்கி ஒழுங்குபடுத்திவிடுவான் என்பார். நாடி பார்க்கிறமாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, “நேத்து இன்னா மீனு?” என்று கேட்டுவிடுவார். எங்கள் ஆட்களிடம் அதைக் கேட்டால் போதும். நாலு நிமிஷத்துக்குக் குறையாது. ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் தலைவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். எழுப்பலாமா கூடாதா என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருக்க, சிஸ்டர் எட்ட இருந்தபடியே வாட்சைப் பார்த்தார். “பதினாலு. நெஜமாவே தூங்கறாரு. நீங்க பேசுங்க” என்றார். அன்றைக்கு மூன்று தீர்மானங்கள் சண்டையில்லாமல் நிறைவேறின.

எண்ணினால் முழு நிமிஷம் எண்ண வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கி எழுதியதைப் பார்த்துவிட்டார். “மிச்ச அரை நிமிஷத்துல ஆளு செத்துட்டா, அதுக்கும் சேத்து மூச்சு எழுதுவியாம்மா?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்தான் சாயங்காலம்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது, ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப்பு மெஷின் எங்கள் குப்பத்துக்கு ஒன்று வந்தது. சிஸ்டருக்கு இன்னும் ஏழெட்டுக் குப்பங்கள் இருந்தன. என்னைக் கூப்பிட்டார். கையெழுத்து நன்றாக இருக்கும், வேலையும் கிடையாது என்பது இரண்டு தகுதி. மெஷினையும் ஒரு நோட்டையும் கொடுத்தார்.

“எல்லாரு வெரலும் பாத்து எழுதணும். தொண்ணூத்தி நாலுக்குக் கீழ வந்தா உடனே எனக்கு போன். புரிஞ்சுதா?”

“நீங்க கவலப்படாதீங்க சிஸ்டர்” என்றேன். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்த வாக்கியம்தான் ஆரம்பம்.

எங்கள் ஊரில் எதுவும் தலைக்கட்டுக் கணக்குத்தான். தலைக்கட்டு என்றால் ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். கோயில் கூழ் தலைக்கட்டுக்கு ஒரு குடம். ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறோம், அதற்குப் பாடு என்று பேர். அந்தச் சீட்டும் தலைக்கட்டுக்கு ஒன்று. வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் வந்து நின்றால் வீடே வந்தமாதிரி. நான் கோயிலாண்டை மேசை போட்டு உட்கார்ந்தேன். கிளிப்பு வந்திருக்கிறது என்று மைக்கில் சொன்னார்கள். வரிசை வந்தது. அறுபத்துமூன்று தலைக்கட்டு, அறுபத்துமூன்று விரல். படுத்திருப்பவர்கள் எப்படி வருவார்கள்? ஓடியாடித் திரிகிறவர்கள் வந்தார்கள். எல்லாம் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. எங்கள் வீட்டுக்கு நான் என் விரலையே வைத்தேன். தொண்ணூற்றெட்டு. ஊரின் ஆரோக்கியத்தை நினைத்து எனக்கு ஒரு கர்வம்கூட வந்தது.

இது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை, வரிசையில் நின்ற யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டாவது வரை படித்தவன் நான்.

மூன்றாம் நாள் சிஸ்டர் நோட்டைப் புரட்டினார்.

“ஊர்ல இவ்ளோதான் ஆளா?”

“அறுபத்திமூணு தலைக்கட்டு சிஸ்டர். ஒண்ணு வுடல.”

“இந்தக் கெழவருக்கு இழுப்பு. பத்து வருசமா பாக்கறேன். தொண்ணூத்தெட்டுன்னு போட்டிருக்க?”

“அது அவுரு மருமவ வெரலு.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். வழக்கமாகப் பார்க்கிற நெஞ்சை இல்லை, முகத்தை. அதுதான் முதல் தடவை.

“குப்பத்துக்குத் தடுப்பூசி வந்தா அதுவும் தலைக்கட்டுக்கு ஒண்ணா?”

“அப்டி வெச்சா எங்க ஆளுங்க தகராறு பண்ணாம ஒத்துக்குவாங்க சிஸ்டர்.”

சிரிக்கவில்லை. நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷினை வாங்கிக்கொண்டு எழுந்தார். அன்றிலிருந்து தானே வீடு வீடாகப் போனார்.

இழுப்புக்காரக் கிழவரோடு சேர்த்து நாலு பேரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். கிழவரும் இன்னொருவரும் வரவில்லை. எங்கள் ஊர் இதை வைத்து ஒரு முடிவுக்கு வந்தது. அந்தம்மா எண்ணுது, எண்ணினா ஆளு போய்டறான். மூச்சுக்காரம்மா என்று பெயர் வைத்தார்கள். எண்ணுவதற்கு மூச்சு இருந்தால்தானே எண்ண முடியும்? சுகாதார நிலைய வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற ஜனம். மூச்சடக்குவது எங்களுக்கு ஒரு விஷயமா? வராண்டா வந்ததும் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை நேராக வைத்துக்கொண்டு, கூடையோடு பெண்கள் வரிசையாகப் போவார்கள். முதலில் கரண்ட் கம்பம், அப்புறம் பெட்டிக்கடை, அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டி. தெம்பானவர்கள் தொட்டியில்தான் மூச்சை விடுவார்கள். நானும் பிடித்தேன். படித்தவன் என்பதால் யாரும் பார்க்காதபோது மட்டும். பெட்டிக்கடை வரைக்கும் வந்தேன்.

சிஸ்டர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், அவமானமாக இருக்கும் என்று நினைத்து ஒருநாள் ஆறுதல் சொல்லப் போனேன்.

“எங்காளுங்க ஒரு மாரி சிஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க.”

“எதுக்கு? எனக்கு வேலைய சுலுவா ஆக்கிட்டாங்க” என்றார். “ஒங்க நைனா தெனம் தொட்டி வரைக்கும் போவாரு. முந்தாநேத்து கடையாண்ட வுட்டாரு. இன்னிக்குக் காலைல கம்பத்தாண்டயே வுட்டுட்டு, கம்பத்தப் புடிச்சிக்கினு நின்னாரு. வா, வூட்டுக்குப் போவலாம்.”

ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் அந்த நோட்டு ஞாபகம் வந்தது. எங்கள் தலைக்கட்டு, தொண்ணூற்றெட்டு. முத்துமுத்தான கையெழுத்து.

நைனா கூடத்தில் வலையைப் பரப்பி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் எங்கள் பாடு. அதை விட்டால் அடுத்த முறை வர இருபது நாள் ஆகும். எங்களைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார். காய்ச்சல் இல்லை, முகத்தில் வலி இல்லை.

“இன்னாம்மா, என்னியும் எண்ண வந்துட்டியா?”

“சீச்சீ. நாளைக்குப் பாடாமே. எங்க கட்டப் போறீங்க பெரியவரே?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார் சிஸ்டர்.

“மொவத்துவாரத்துக்கு…” என்றார் நைனா. “இப்பால… தெக்கால தள்ளி… மடவ வரும்…”

எனக்குக் கதைவிடக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரு மடவை மீனைப் பற்றி ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். அவர் நாலு வார்த்தைக்கு மூன்று இடத்தில் நின்றார். தினமும் ஒரே வீட்டில் சோறு தின்றவனுக்கு இது கேட்கவில்லை.

சிஸ்டர் முழு நிமிஷம் எண்ணினார். பிறகு கிளிப்பை மாட்டினார். எண்பத்து மூன்று.

“தண்ணில ஊறின வெரலும்மா… கல்லு மாரி கீது. மிசினுக்கு… இன்னா தெரியும்?”

சிஸ்டர் மறுக்கவில்லை. அந்த விரலை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார். மறுபடி மாட்டினார். எண்பத்து இரண்டு.

“முப்பத்திநாலு” என்றார் என்னைப் பார்த்து. “காய்ச்சலா இருந்தா ஊரக் கூட்டும். மூச்சு அப்டி இல்ல, சத்தம் போடாம ஏறும். பெரியவரே, சட்டையப் போடுங்க. வண்டிக்குச் சொல்லப் போறேன்.”

“நாளான்னிக்கு வரேன். நாளைக்கு… என் பாடு.”

“ஒங்க பாடா, ஒங்க தலைக்கட்டுப் பாடா?”

நைனா வலையின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“தலைக்கட்டுக்கு ஒரு ஆளு போனா போதும்தான? வெரலுக்கு மட்டும்தான் அந்த சட்டமா?” என்று சிஸ்டர் என் பக்கம் கையைக் காட்டினார்.

நைனா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “இவனா?” என்றார். சிரிப்பு வந்து, அது இருமலாகி, வலையைப் பிடித்துக்கொண்டு அடங்க வெகுநேரம் ஆனது. “இவன் போனா… மீனே… பேஜாராயிடும்மா.”

ஆனாலும் எழுந்து சட்டையைப் போட்டார். பாடு விட்டுப்போகாது என்றால் அவருக்கு வேறு ஆட்சேபம் இல்லை.

ஆம்புலன்ஸில் அவருடன் யாரும் ஏறக்கூடாது என்றார்கள். சிஸ்டர் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனார். ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை என்று அவரையும் நைனா இருந்த வார்டிலேயே வேலைக்கு நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் எங்கள் பாட்டில் வலை கட்ட நான் போனேன். படகு பத்தடி நகர்வதற்குள் காலையில் தின்ற இட்லி நாலையும் ஏரிக்குக் கொடுத்துவிட்டேன். “வுடு மச்சான், தீனி போட்டாத்தான் மீனு வரும்” என்றான் வலையின் அந்த முனையைப் பிடித்திருந்த கூட்டாளி. உண்மையிலேயே வந்தது. இரண்டு கூடை மடவை. எல்லாம் இட்லியால் வந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வந்தது.

“முப்பத்திரெண்டு” என்றார் சிஸ்டர். “எத்தினி கூடைன்னு கேக்கறாரு.”

“ரெண்டு.”

“வாந்தி எடுத்தியான்னு கேக்கறாரு.”

“இல்லன்னு சொல்லுங்க சிஸ்டர்.”

போனைத் தள்ளிப்பிடித்து அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “எடுத்தானாம்.” பின்னால் காற்று பீறிடும் சத்தத்துக்கு நடுவே நைனா சிரிப்பதும் கேட்டது. “சிரிக்கக் கூடாது, மாஸ்க்கப் போடுங்க!” என்று ஓர் அதட்டல். போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு ஓர் எண் மட்டும் வரும். ஹலோ கிடையாது. முப்பது. அடுத்த நாள் இருபத்தெட்டு. சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எப்படி இருக்கிறார், என்ன சாப்பிட்டார் என்று கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் கட். எனக்கு அது போதுமானதாக இருந்தது என்பதுதான் ஆச்சரியம். ஆறு மணிக்கு என் கடை வாசலில் நாலு பேர் நிற்க ஆரம்பித்தார்கள். அந்த வராண்டாவைக் கன்னம் உப்பக் கடந்த அதே ஆட்கள். “மூச்சுக்காரம்மா இன்னா சொல்லிச்சி? இன்னிக்கு எத்தினி?” இருபத்தாறு என்றேன். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி தெருவெல்லாம் போனது.

ஆறாம் நாள் முப்பத்தொன்று. ஏழாம் நாள் முப்பத்தாறு. அன்றைக்கு யாரும் ஒன்றும் கேட்காமல் கலைந்தார்கள்.

எட்டாம் நாள், “பன்னெண்டு” என்றார்.

நான் கத்தியேவிட்டேன். “பன்னெண்டுபா!” வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தர் விசிலடித்தார். தூங்கும் ஊர்த்தலைவருக்கே பதினாலு, எங்கள் நைனாவுக்குப் பன்னிரண்டு. “சூப்பர் சிஸ்டர்! நார்மலுக்கும் கீழ!” என்றேன். அப்போதுதான் அவர் போனை வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

“தம்பி” என்றார். அதுவரை அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “கொறஞ்சா எல்லாம் நல்லதுன்னு இல்ல. இத்தினி நாளு இழுத்து இழுத்துக் களைச்சிட்டாரு.”

வாசலில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சாப்ட்டியா?”

“இன்னும் இல்ல.”

“வூட்டுக்குப் போய் சாப்புடு. சாப்ட்டுட்டு போன் பண்ணு.”

போனேன். சோறும் கருவாட்டுக் குழம்பும். மனைவி இன்னொரு கரண்டி வைத்தாள், அதையும் சாப்பிட்டேன். எதையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிற ஆள் நான். அன்றைக்கு மோர் ஊற்றி, தட்டை வழித்து, மெதுவாகச் சாப்பிட்டேன். கை கழுவினேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஏழேகால்.

முதல் மணியிலேயே எடுத்தார். எண் சொல்லவில்லை.

“ஆறே முக்காலுக்கு, தம்பி” என்றார். “போய்ட்டாரு. பக்கத்துலதான் இருந்தேன். எண்ணிக்கினேதான் இருந்தேன்.”

சொல்லிவிட்டு அவர் போனை வைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வார்டில் ஏறி இறங்கிய ஆள். மாஸ்க்குக்குள்ளிருந்து அவருடைய மூச்சு போனில் வந்துகொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். நொடிமுள் பன்னிரண்டைத் தாண்டியதிலிருந்து மறுபடி பன்னிரண்டுக்கு வருகிறவரை நின்றேன்.

“சிஸ்டர்” என்றேன். “இருபத்தாறு. எங்கனா போய் உக்காருங்க.”



“அரை நிமிஷமா, முழுசா?” என்று கேட்டார்.

“முழுசா.”

“சரி” என்று சொல்லி வைத்துவிட்டார்.